மறக்காதவருக்கு மறதி நோய்

"அப்பாவுக்கு ஞாபகமெல்லாம் நல்லாத்தான் இருக்கு டாக்டர்" என்றுதான் பேச்சு தொடங்கும். பேரனின் பிறந்த நாள், பழைய மேலாளரின் பெயர், வீடு கட்டியபோது சிமெண்ட் மூட்டை விற்ற விலை எல்லாம் அவருக்கு நாக்கு நுனியில் இருக்கும். ஆனால் கரண்ட் பில் கட்டப் போனவர் எந்த வரிசையில் நிற்பது என்று தெரியாமல் திரும்பி வந்துவிடுகிறார். கேட்டதற்குச் சரியான பதில்தான் சொல்கிறார். அதற்குள் கேட்டவர் பொறுமை இழந்துவிடுகிறார். டிவியில் யாரோ அழுதால் இவருக்கும் கண்ணீர் கொட்டுகிறது. பல வருடமாக ரத்தக்கொதிப்பு மாத்திரை சாப்பிடுபவர். எப்போதோ ஒரு முறை வலது கை மரத்துப்போய், அன்று மாலையே சரியாகிவிட்டது. மருத்துவர் சோதித்துவிட்டு 'வாஸ்குலர் டிமென்ஷியா' என்று எழுதுகிறார். அப்படியென்றால் என்ன என்று கேட்டால், "மறதி நோய்ல ஒரு வகை" என்கிறார். வீட்டாருக்கு அது பிடிபடுவதில்லை. எதையும் மறக்காதவருக்கு மறதி நோய் எப்படி வரும்?

அவர்கள் கேட்பது சரியான கேள்வி. பிழை பெயரில் இருக்கிறது. இந்த நோய்க்கு முந்நூற்றைம்பது ஆண்டுகளில் பல பெயர்கள் வந்து போயிருக்கின்றன. ஒவ்வொரு பெயரும் தனக்கேற்ற சோதனை ஒன்றைப் பெற்றெடுத்தது. பெயர் எதைத் தேடச் சொன்னதோ அதைத்தான் சோதனையும் தேடியது. மற்றதைக் கவனிக்காமல் விட்டது. அந்தப் பெயர்களின் வழியே போனால்தான் கரண்ட் பில்லுக்கும் மூளைக்குள் ஓடும் ரத்தக்குழாய்க்கும் உள்ள தொடர்பு புரியும்.

முதலில் 'டிமென்ஷியா'. லத்தீனில் 'மென்ஸ்' என்றால் மனம்; 'டி' விலகலைக் குறிக்கும் முன்னொட்டு. மனம் விட்டுப் போன நிலை என்று பொருள். கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியரான செல்சஸ் தமது மருத்துவ நூலில் இச்சொல்லை ஆண்டிருக்கிறார். 1801இல் பாரிஸில் பிலிப் பினெல் மனநோய்களை வகைப்படுத்தியபோது 'தெமான்ஸ்' என்பதைத் தனி வகையாக்கினார். இந்தச் சொல்லில் மறதி என்ற பொருள் எங்கும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நம் பக்கத்துப் பழைய வழக்குகளிலும் இல்லை. யாழ்ப்பாணத்தில் வயதாகிப் புத்தி தடுமாறுபவரை 'அறளை பெயர்ந்தவர்' என்பார்கள். இந்தியில் அறுபதைக் குறிக்கும் 'சாட்' என்ற எண்ணிலிருந்தே 'சட்டியானா' என்ற வினைச்சொல் பிறந்திருக்கிறது. அறுபதைத் தொட்டுப் புத்தி மாறுவது என்று பொருள். தமிழ்நாட்டில் 'புத்தி தடுமாறுது' என்பார்கள். நடத்தை, பேச்சு, நிதானம் எல்லாவற்றையும் சேர்த்தே இவை சுட்டுகின்றன. 'மறதி நோய்' என்பது செய்தித்தாளும் விழிப்புணர்வு முகாமும் பரப்பிய பிற்காலச் சொல். அல்சைமர் நோயோடு கைகோத்து வந்தது என்பது என் கணிப்பு. அல்சைமருக்கு அது பொருந்தும். அங்கே பெரும்பாலும் புதிய நினைவுகள்தான் முதலில் தவறிப்போகின்றன. ரத்தக்குழாயால் வரும் கோளாறுக்கும் அதே சட்டையை மாட்டியதில்தான் சிக்கல்.

ரத்தக்குழாய்க்கும் புத்திக்கும் முடிச்சுப் போட்டவர்களில் முன்னோடி, ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த தாமஸ் வில்லிஸ். 1664இல் அவர் வெளியிட்ட மூளை உடற்கூற்று நூலுக்குப் படம் வரைந்து உதவியவர், பின்னாளில் லண்டனின் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய கிறிஸ்டபர் ரென். மூளையின் அடியில் ரத்தக்குழாய்கள் வளையமாகக் கைகோக்கும் இடத்துக்கு இன்றும் வில்லிஸ் பெயர்தான். 1672இல் எழுதிய மற்றொரு நூலில், வாதம் அடித்தபின் சிலருக்குப் புத்தி மழுங்குவதை அவர் குறித்திருக்கிறார். அக்காலத்தில் அதற்கு 'அப்போப்ளெக்ஸி' என்று பெயர். கிரேக்கத்தில் அடித்து வீழ்த்துதல். ஆங்கிலத்தின் 'ஸ்ட்ரோக்'கும் அடிதான். நாமும் 'வாதம் அடிச்சிருச்சு' என்றே சொல்கிறோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிணக்கூறாய்வு பெருகியது. இறந்தவரின் மூளையைத் தொட்டுப் பார்த்தவர்கள் கையில் பட்டதையே பெயராக்கினார்கள். 1820இல் பிரெஞ்சு மருத்துவர் ரோஸ்தான் 'மூளை மென்மையாதல்' என்று எழுதினார். 1830ஐ ஒட்டி ஸ்ட்ராஸ்பர்க்கின் லோப்ஸ்டைன் 'ஆர்ட்டீரியோஸ்கிளிரோசிஸ்' என்ற சொல்லை உருவாக்கினார். 'ஸ்கிளிரோஸ்' என்றால் கடினம். குழாய் இறுகினால் மூளை குழைகிறது. பிறகு 1904இல் மார்ஷாண்ட் இதைத் திருத்தி 'அத்திரோஸ்கிளிரோசிஸ்' என்றார். 'அத்தேரே' என்பது கிரேக்கத்தில் கூழ். குழாயின் உட்சுவரில் படியும் கொழுப்பு, வெட்டிப் பார்த்தால் கூழாகவே இருக்கும்.

இன்னொரு பெயர் இன்றும் எம்.ஆர்.ஐ. அறிக்கைகளில் உயிரோடு இருக்கிறது: 'லக்யூன்'. 1838இல் டெஷாம்ப்ர் பயன்படுத்திய சொல், 1901இல் பியேர் மரி வழியாகப் பரவலானது. லத்தீனில் 'லகூனா' என்றால் குட்டை, பள்ளம். சுவடியியலில் ஏடு சிதைந்து எழுத்து விடுபட்ட இடத்துக்கும் இதே சொல்தான். மூளையின் ஆழத்தில் ஒரு சிறு குழாய் அடைபட்டு, அது ஊட்டிய திசு செத்துக் கரைந்தபின் எஞ்சும் பள்ளம் அது. பெரும்பாலும் ஒன்றரை சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். அது விழுந்த நாளில் நோயாளிக்கு எதுவும் தெரியாமலே போயிருக்கலாம்.

1894இல் ஜெர்மனியின் யேனா நகரில் ஓட்டோ பின்ஸ்வாங்கர் ஒரு வேறுபாட்டைச் சுட்டினார். அன்றைய மனநல விடுதிகளில் சிபிலிஸ் மூளைக்கு ஏறிப் புத்தி கலங்கியவர்கள் நிறைந்திருந்தார்கள். 1889இல் அவருடைய மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட தத்துவவாதி நீட்சேவுக்கும் அந்த நோய் என்றே அங்கே முடிவு கட்டினார்கள். ஆனால் வேறு சிலருக்குக் கோளாறு மூளையின் மேல்பட்டையில் இல்லாமல், அடியில் இருந்த வெண்பகுதியில் இருந்தது. அது தனி நோய், ரத்தக்குழாயால் வருவது என்றார் பின்ஸ்வாங்கர். அதற்கு அவர் பெயரையே சூட்டியவர் அலோயிஸ் அல்சைமர். அல்சைமர் நோய் என்ற பெயர் 1910இல் கிரெப்பலினின் பாடநூலில் ஏறுவதற்கு முன்பே, அல்சைமர் ரத்தக்குழாய் வழி வரும் புத்தித் தேய்வைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். பிற்காலத்தில் ஒன்றையொன்று மறைத்துக்கொண்ட இரண்டு பெயர்களும் ஒரே கையில் வளர்ந்தவை.

அடுத்த அறுபது ஆண்டுகள் கதை எதிர்த்திசையில் போனது. முதுமையில் புத்தி தடுமாறிய எல்லோருக்கும் ஒரே காரணம் சொன்னார்கள்: குழாய் இறுகிவிட்டது, மூளைக்கு ரத்தம் போதவில்லை. இதில் சோதிக்க எதுவும் இல்லை, வயதே விடை. இந்த நம்பிக்கையை உடைத்தது நியூகாசில் ஆய்வு. டாம்லின்சன், பிளெஸ்ட், ராத் மூவரும் முதியவர்களை உயிரோடு இருக்கும்போதே சோதித்து, இறந்தபின் அவர்கள் மூளையை ஆராய்ந்தார்கள். 1970இல் வந்த முடிவில், பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோரிடம் இருந்தவை அல்சைமர் நோயின் அடையாளங்கள். குழாய் அடைப்பால் செத்த திசு மிகுதியாக இருந்தவர்கள் ஒரு பகுதியினரே.

1974இல் விளாடிமிர் ஹச்சின்ஸ்கி, லாசன், மார்ஷல் மூவரும் 'லான்செட்' இதழில் புதுப் பெயர் ஒன்றை வைத்தார்கள்: 'மல்டி இன்ஃபார்க்ட் டிமென்ஷியா'. ஹச்சின்ஸ்கி உக்ரைனில் பிறந்து, வெனிசுவேலாவில் வளர்ந்து, கனடாவில் மருத்துவரானவர். 'இன்ஃபார்சிரே' என்ற லத்தீன் வினைக்கு உள்ளே திணித்தல் என்று பொருள். குழாய் இறுகுவதால் புத்தி கெடுவதில்லை, அடைப்பு பல இடங்களில் விழுவதால் கெடுகிறது என்பது அவர்கள் வாதம். நம் வீடுகளில் 'மூளையில அடைப்பு' என்று சொல்லும் சொல், இந்த லத்தீன் மூலத்தோடு தற்செயலாக ஒத்துப்போகிறது.

அடுத்த ஆண்டே அந்தப் பெயருக்கான அளவுகோலும் வந்தது. ஹச்சின்ஸ்கி மதிப்பெண்ணில் 13 அம்சங்கள், மொத்தம் 18. ஏழும் அதற்கு மேலும் என்றால் அடைப்பு வகை. நான்கும் அதற்குக் கீழும் என்றால் அல்சைமர் போன்ற தேய்வு வகை. திடீரென்று தொடங்கியதா, ஏற்ற இறக்கம் உண்டா, முன்பு பக்கவாதம் வந்ததா என்பவற்றுக்கு இரண்டிரண்டு. ரத்தக்கொதிப்பு, இரவில் குழப்பம், காரணமில்லாத அழுகை ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று.

அதில் ஒரு வரியைத் தமிழாக்குகிறவர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'படிப்படியான சரிவு' என்று வரும். ஹச்சின்ஸ்கி சொல்ல வந்தது மாடிப்படியின் வடிவம்: ஒரு நாள் சட்டென்று ஒரு படி இறங்குதல், சில மாதம் அங்கேயே நிற்றல், மறுபடி ஒரு படி. தமிழில் 'படிப்படியாக' என்றால் மெல்ல மெல்ல என்று பொருள். "படிப்படியா மோசமாச்சா?" என்று கேட்டால், அல்சைமர் உள்ளவரின் மகள்தான் தலையாட்டுவார், அடைப்பு உள்ளவரின் மகன் "இல்லீங்க, திடீர்னு" என்பார். மதிப்பெண் தலைகீழாகிவிடும். கேட்க வேண்டியது இப்படி: "ஒரு நாள் திடீர்னு இறங்கி, கொஞ்ச காலம் அப்படியே நின்னு, அப்புறம் மறுபடி இறங்கிச்சா?" அப்போதுதான் வீட்டார் நினைத்துப் பார்த்து, "தீபாவளிக்கு அவரே கடைக்குப் போய்ப் பட்டாசு வாங்கிட்டு வந்தார். பொங்கலுக்கு முன்னாடி ஒரு நாள் காலையில எழுந்தப்பவே ஒரு மாதிரி இருந்தார்" என்று தேதியோடு சொல்வார்கள். அந்தத் தேதிதான் சோதனைக்கு வேண்டியது.

புதுப் பெயர் ஒரு பிழையைத் திருத்தி இன்னொன்றைக் கொண்டுவந்தது. பல அடைப்புகள் என்று சொன்னதும் எல்லோரும் பெரிய அடைப்புகளைத் தேடினார்கள். பின்ஸ்வாங்கர் பார்த்த வெண்பகுதிக் கோளாறு கணக்கில் வரவில்லை. சி.டி. ஸ்கேன் பரவியதும் முதியவர்களின் மூளையில் வெண்பகுதி மங்கித் தெரிவது கண்ணில் பட்டது. 1987இல் ஹச்சின்ஸ்கியும் உடன் பணியாற்றியவர்களும் அதற்கு 'லூக்கோஅரையோசிஸ்' என்று பெயரிட்டார்கள். கிரேக்கத்தில் 'லூக்கோஸ்' வெண்மை, 'அரையோஸ்' அடர்த்தி குறைந்தது. காரணம் எதையும் சொல்லாமல், கண்ணில் படுவதை மட்டும் சொல்லும் நேர்மையான பெயர் என்பேன்.

அந்த வெண்பகுதி ஏன் முதலில் அடிபடுகிறது? மூளையின் ஆழத்துக்குப் போகும் நாளங்கள் மயிரிழை போன்றவை, நீளமானவை. ஒன்று அடைத்தால் பக்கத்திலிருந்து ரத்தம் கொடுக்க வேறு குழாய் இல்லை. ஆற்றில் தண்ணீர் குறையும்போது கடைமடை வயல்தான் முதலில் காய்கிறது. ஆழ்ந்த வெண்பகுதி மூளையின் கடைமடை. முன்மூளையை உள்மூளையோடு இணைக்கும் நரம்பிழைகள் அந்த வழியாகத்தான் போகின்றன. எதை முதலில் செய்வது என்று வகுத்துக்கொள்வது, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது, வேகம், முனைப்பு எல்லாம் அந்த இணைப்புகளின் பொறுப்பு. நினைவைப் பதிக்கும் பகுதி தனியே, பக்கவாட்டில், பெரும்பாலும் சேதமில்லாமல் இருக்கலாம். சிமெண்ட் விலை நினைவிருந்தும் கரண்ட் பில் கட்ட முடியாமல் போவது இதனால்தான்.

சோதனைகளோ நினைவையே சுற்றி வந்தன. 1975இல் ஃபோல்ஸ்டைன் தம்பதியும் மெக்ஹ்யூவும் 'மினி மெண்டல் ஸ்டேட்' சோதனையை வெளியிட்டார்கள். முப்பது மதிப்பெண். தேதியும் இடமும் சொல்வது, மூன்று சொற்களை நினைவில் வைப்பது, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பது, பென்சிலைக் காட்டினால் பெயர் சொல்வது, ஐங்கோணங்களைப் பார்த்து வரைவது. எளிமையால் உலகமெங்கும் பரவியது. அதில் எதற்கும் கடிகாரம் ஓடுவதில்லை. நம் பெரியவர் நிதானமாக யோசித்து ஒவ்வொன்றாகச் சொல்லி 28 வாங்கிவிடுவார். "நார்மல்தான்" என்று சீட்டு வரும். வீட்டில் கரண்ட் பில் கட்டாமல் கிடக்கும்.

1993இல் வந்த சர்வதேச வரையறை பழைய பெயரைப் பொதுவாக்கி 'வாஸ்குலர் டிமென்ஷியா' என்றது. 'வாஸ்' என்றால் பாத்திரம். 'வாஸ்குலம்' சிறு பாத்திரம். சின்னக் குழாய்களுக்கும் அதில் இடம் கிடைத்தது. ஆனால் நோயென்று சொல்ல, நினைவுக் குறைவு கட்டாயம் என்றும் அதோடு வேறு இரண்டு திறன்களும் குறைந்திருக்க வேண்டும் என்றும் விதித்தார்கள். அல்சைமருக்கு அளவெடுத்த சட்டை என்று நான் சொன்னது இதைத்தான். குழாய் நோயாளி மறக்கத் தொடங்கும்வரை காத்திருந்துதான் அவருக்குப் பெயர் கொடுத்தார்கள்.

இதை உரக்க மறுத்தவரும் ஹச்சின்ஸ்கிதான். தாமே புகழ்பெறச் செய்த பெயரிலிருந்து அவர் விலகினார். 1990களின் முதற்பாதியில் அவரும் பௌலரும் 'வாஸ்குலர் காக்னிட்டிவ் இம்பேர்மெண்ட்' என்ற பெயரை முன்வைத்தார்கள். 'டிமென்ஷியா' போய் 'குறைபாடு' வந்தது. லேசான தடுமாற்றத்திலிருந்து முற்றிய நிலைவரை எல்லாம் அதில் அடக்கம். மனம் விட்டுப் போனபின் வைக்கும் பெயர் யாருக்கு உதவும்? போவதற்கு முன்பே கண்டுகொள்ள ஒரு பெயர் வேண்டியிருந்தது. இந்த வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் இடம் இதுதான்.

பெயர் மாறியதும் சோதனையும் மாறியது. 2005இல் மொன்ட்ரியலில் சியாத் நஸ்ரெதீன் வெளியிட்ட 'மோகா' சோதனையிலும் முப்பது மதிப்பெண்தான். ஆனால் தொடக்கமே வேறு: எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோட்டால் இணைக்க வேண்டும். தமிழில் என்றால் 1, அ, 2, ஆ, 3, இ. இந்தப் பகுதியின் மூல வடிவம், 1944இல் அமெரிக்க ராணுவத்தின் சோதனைத் தொகுப்பில் இடம்பெற்ற 'டிரெயில் மேக்கிங்'. முன்மூளை இணைப்பு தளர்ந்தவர் 1லிருந்து அ-வுக்குச் சரியாகப் போவார். அ-விலிருந்து 2க்கும் போவார். அதன்பின் பென்சில் 3க்குத் தாவிவிடும். தவறு என்று அவருக்கே தெரியும், கை நிற்காது. எண் வரிசையும் அகர வரிசையும் அவருக்கு மறக்கவில்லை. இரண்டுக்கும் இடையில் மாறி மாறிப் போவதுதான் முடியவில்லை.

இன்னொரு பகுதியில், ஒரே எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்துக்குள் அடுக்க வேண்டும். இங்கே தமிழ் எழுத்துமுறை குறுக்கே வருகிறது. ஆங்கிலத்தில் எஃப் என்றால் அந்த எழுத்தில் தொடங்கும் எந்தச் சொல்லும் செல்லும். 'ப' என்று சொன்னால் 'பாட்டு' சேர்த்தியா? 'பூ' சேர்த்தியா? பள்ளியில் படித்தவருக்கு பவும் பாவும் பூவும் வெவ்வேறு எழுத்துகள். மொழியியலாருக்கு ஒரே மெய்யொலி. முதலிலேயே தெளிவாகச் சொல்லாவிட்டால், ஒருவர் பழம், படம், பல் என்று குறுகிய வரப்பிலேயே நடந்து மதிப்பெண் இழப்பார். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியிடம் இந்தக் கேள்வியையே வைக்க முடியாது. அவரிடம் விலங்குகளின் பெயர் கேட்பது வழக்கம். அதற்கு ஆடு, மாடு, நரி என்ற பொருளறிவு கை கொடுக்கிறது. எழுத்தைப் பிடித்துச் சொல் தேடுவதற்கு முன்மூளையின் உழைப்பு கூடுதலாக வேண்டும். கேள்வியை மாற்றினால் அளக்கும் திறனும் ஓரளவு மாறிவிடுகிறது. பள்ளி செல்லாதவர்களுக்காக 1995இல் ஹரியானாவின் பல்லப்கர் பகுதியில் 'மினி மெண்டல்' சோதனையை இந்தியில் திருத்தி அமைத்தவர்கள் இத்தகைய சிக்கல்களோடுதான் போராடினார்கள். நம்மூர்ப் பாட்டி இன்று என்ன தேதி என்றால் விழிப்பார். "அமாவாசை போய் மூணாம் நாள், ஆடி வெள்ளி" என்று துல்லியமாகச் சொல்வார். அதற்கு மதிப்பெண் கொடுக்காத சோதனை அவருடைய பள்ளிப் படிப்பைத்தான் அளக்கிறது.

2006இல் அமெரிக்க, கனடிய அமைப்புகள் கூடி, குழாய்வழிக் குறைபாட்டைச் சோதிக்க அறுபது, முப்பது, ஐந்து நிமிடங்களில் முடியும் மூன்று வரிசைகளைப் பரிந்துரைத்தன. நீண்ட வரிசையில் வேகத்துக்கும் திட்டமிடலுக்கும் உரிய இடம் கிடைத்தது. ஐந்து நிமிட வரிசையில்கூட நினைவு, இட நேர அறிவு ஆகியவற்றோடு எழுத்தைப் பிடித்துச் சொல் அடுக்குவதும் இருக்கிறது.

இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் உண்டு. 1997இல் வெளியான அமெரிக்கக் கன்னியாஸ்திரீகள் ஆய்வில், மூளையில் அல்சைமர் அடையாளங்கள் இருந்தவர்களுள், ஆழத்தில் சிறு அடைப்புகளும் சேர்ந்திருந்தவர்களிடமே டிமென்ஷியா மிக அதிகமாகக் காணப்பட்டது. இரண்டு நோய்களும் கூட்டுச் சேர்ந்து தாக்குகின்றன. அவற்றில் ஒன்றை நம்மால் தடுக்க முடியும். ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்ற 'ஸ்பிரிண்ட் மைண்ட்' ஆய்வின் முடிவு 2019இல் வந்தது. மேல் ரத்த அழுத்தத்தை 140க்குப் பதில் 120க்குக் கீழ் வைக்க முயன்ற பிரிவில், லேசான அறிதிறன் குறைபாடு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. டிமென்ஷியாவில் ஏற்பட்ட குறைவு புள்ளியியல்படி உறுதியாகவில்லை. பழைய பெயரை மட்டும் வைத்துப் பார்த்திருந்தால் இந்தப் பலன் கண்ணில் பட்டிருக்காது.

தமிழில் இதற்குப் பாடநூல் பெயர் உண்டாக்கலாம்: 'குருதிக்குழாய்சார் அறிதிறன் குறைபாடு'. பிழையில்லாத பெயர்தான், கூடத்தில் உட்கார்ந்து யாரும் சொல்லப் போவதில்லை. 'ரத்தக்குழாய் அடைப்பால் வரும் புத்தித் தளர்ச்சி' என்று மருத்துவர்கள் சொல்லலாம் என்பது என் விருப்பம். 'தளர்ச்சி' முழு இழப்பைக் குறிப்பதில்லை. 'புத்தி' நினைவோடு நின்றுவிடுவதில்லை. 'அடைப்பு' இருபது வருடமாகச் சாப்பிடும் மாத்திரையை நினைவூட்டுகிறது. "அப்பாவுக்கு ஞாபகம் நல்லாத்தான் இருக்கு" என்று மகன் சொல்லும்போது, "சரி, முன்னே தனியா செஞ்ச எந்த வேலையை இப்போ செய்ய முடியலை? எந்த மாசத்துலேர்ந்து?" என்று மருத்துவர் அடுத்த கேள்வியைக் கேட்க அந்தப் பெயரில் இடமிருக்கிறது.